காத்து குடித்த தண்ணீர்

பணி ஓய்வு பெற்றவர்களைப் பிடித்து உட்கார வைத்து, உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள் என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து தொடக்கப் பள்ளி ஆசிரியராகவே வெளியே வந்தவன். சாதனை என்று எடுத்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தவறுகள் கேட்டால் தாராளமாகத் தருவேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அவைதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். என்னை நானே இன்று வரை முழுதாக மன்னிக்காத ஒரு தவறை இங்கே எழுதுகிறேன். ஆவியாதல் பாடம் நடத்தப் போகிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஜவ்வாது மலையில் வேலை கிடைத்தது. சொந்த ஊர் வாணியம்பாடி. அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். நான் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். பேருந்து காவலூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூரில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் எங்கள் பள்ளிக்கூடம். காவலூரில் நட்சத்திரம் பார்க்கப் பெரிய பெரிய கண்ணாடியெல்லாம் வைத்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் தண்ணீர் அளந்து காட்ட ஒரு கண்ணாடி டம்ளர்கூடக் கிடையாது. ஓடு போட்ட ஒரே அறை, அதில் ஐந்து வகுப்பு, தலைமையாசிரியரும் நானும் இரண்டே பேர். என்னை ஊரில் எல்லோரும் 'பாய் வாத்தியாரு' என்றார்கள். மூன்றாவது மாதத்துக்குள் என் பெயரை நானே மறக்கும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

முதல் வருடம் ஆவியாதல் பாடத்தைப் புத்தகத்தில் இருந்தபடியே நடத்தினேன். பலகையில் 'ஆவியாதல்' என்று பெரிதாக எழுதினேன். "யாரோட ஆவி சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அவ்வளவுதான். வகுப்பு முழுக்க அவரவர் பாட்டன் பார்த்த பேய், சித்தப்பனைத் துரத்திய பேய் என்று கதை ஓடியது. மறுநாள் ஒரு குழந்தை, துவைத்துக் காய்ந்த சட்டையில் ஆவி இருக்கும் என்று சொல்லி அழுக்குச் சட்டையோடு வந்து நின்றது. துவைக்காமல் தப்பிக்க அதற்கு நானே காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சரி, இந்த 'ஆவி' என்கிற சொல்தான் குழப்புகிறது, இதைத் தூக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். அடுத்த வருடம் எளிமையாகச் சொன்னேன்: "தண்ணிய காத்து எடுத்துக்கிட்டுப் போவுது." இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "நல்லாத்தான் இருக்கு பாய்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் இந்த இடத்திலேயே பிடித்திருப்பீர்கள். குழந்தை திடீரென்று காய்ச்சலில் விழுந்தால் 'காத்து பட்டுடுச்சு' என்பார்கள். பெண் பிள்ளை ஒன்று பேசாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் 'காத்து அண்டிடுச்சு' என்பார்கள். அந்தக் காற்று மரத்தை ஆட்டுகிற காற்று இல்லை. அது ஆளைப் பிடிக்கிற காற்று. வாணியம்பாடியில் எங்கள் தெருவிலேயே இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தான் நான். சின்ன வயதில் எனக்கே மந்திரித்துத் தாயத்து கட்டியிருக்கிறார்கள். அப்படியும் அந்தச் சமயத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை. பேயை முன்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்திருந்தேன்.

பங்குனி மாதம். புளி உலுக்கி முடித்துப் பாறைகளில் காயப் போடுகிற சமயம். தலைமையாசிரியர் சாப்பிடும் தட்டையும் என் தட்டையும் எடுத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலில் பாறைமேல் வைத்தோம், ஒன்றை அறைக்குள் வைத்தோம். மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தபோது பாறைமேல் இருந்த தட்டு காலி.

"தண்ணி என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

நான்காம் வகுப்பு பச்சையம்மாள் முந்திக்கொண்டாள். "காஞ்சிடுச்சி சார்."

கேள்வி முடியும் முன்னால் பதில் சொல்லிவிடுகிற பிள்ளை அவள். சரியாகவும் சொல்லுவாள். நான் அவளைத் திருத்தினேன். "காஞ்சிடுச்சின்னு சொல்லக் கூடாது. காத்து எடுத்துக்கிட்டுப் போச்சின்னு சொல்லணும். எங்க, எல்லாரும் சொல்லுங்க." எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டில் ஒரு கிண்ணத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு மூலையில் வைக்க வேண்டும். மறுநாள் காலை துடைப்பக் குச்சி ஒன்றை நேராக விட்டு, தண்ணீர் நிற்கிற இடத்தில் கரியால் கோடு போட வேண்டும். மறுபடி நிரப்பி வைத்து அடுத்த நாளும் அதேபோல அளக்க வேண்டும். மூன்று நாள் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி வைத்துப் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை, எந்த வீட்டிலும் செய்யலாம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

எந்த வீட்டிலும் செய்யலாமா என்று கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பங்குனியில் அந்த ஊருக்குத் தண்ணீர் ஓர் ஊற்றிலிருந்துதான். அது ஊறி ஊறி நிறையும் வரை குடத்தோடு காத்திருந்து, மேட்டில் சுமந்துகொண்டு வர வேண்டும். ஆளுக்கு ஒரு கிண்ணம், அதில்தான் கூழ், அதில்தான் குழம்பு. சும்மா கிடக்கிற கிண்ணமும் சும்மா வைக்கிற தண்ணீரும் என் வீட்டுப்பாடத்தில் இருந்தன, அவர்கள் வீட்டில் இல்லை.

அதனால் மறுநாள் வந்த கணக்கெல்லாம் இப்படி இருந்தது. "ஆடு குடிச்சிடுச்சி சார்." "எங்கம்மா அரிசி கழுவ எடுத்துக்கினாங்க சார்." "அண்ணன் கால் கழுவிட்டான் சார்." பச்சையம்மாள் மட்டும் குச்சியோடு வந்தாள். விளிம்பிலிருந்து இரண்டு கேழ்வரகு உயரம் குறைந்திருந்தது. அடுத்த நாளும் கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றாம் நாளும் அப்படியே. எவ்வளவு சுத்தமான வேலை என்று வகுப்புக்கு முன்னால் அவளை நிறுத்திப் பாராட்டினேன். ஊர் முழுக்க எந்த வீட்டிலும் ஒரு கிண்ணம் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்கவில்லை, இவள் வீட்டில் மட்டும் யாரும் தொடாமல் எப்படி நிற்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் வீட்டில் ஒரு சாவு விழுந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று வயதுத் தம்பி, வயிற்றுப்போக்கில் போய்விட்டான். தலைமையாசிரியரும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேலை கொடுத்தால் பிள்ளை மறந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை மாலை, "இன்னைக்கு மூடி வெச்சுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பச்சையம்மாள் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அன்று மதியம் அவள் அப்பா சாமிக்கண்ணு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதை மேசைமேல் வைத்தார். உள்ளே அவளுடைய சிலேட்டும் புத்தகமும் இருந்தன.

"பொண்ண நிறுத்திக்கறேன் சாரு. பள்ளிக்கூடத்து சாமான் எல்லாம் இதுல கீது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

இன்னா ஆச்சு என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்தப் பையன் போனதுல இருந்து அவன் கிண்ணத்துல தண்ணி ஊத்தி, பக்கத்துல ஒரு வெளக்கு வெச்சிக்கினு கீறா எம் பொண்டாட்டி. சின்னப் புள்ளைக்கெல்லாம் அப்டி வெக்கறது கெடையாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. கேக்கல. முப்பது நாளு வெப்பேன்னு அவளே சொல்லிக்கினா. காலையில பாப்பா. கொஞ்சம் கொறஞ்சிருக்கும். புள்ள வந்து குடிச்சிட்டுப் போயிருக்குதுன்னு சொல்லிட்டு எழுந்து வேலையப் பாப்பா. சரி, அது ஒரு தெம்புன்னு நானும் வுட்டுட்டேன்."

எனக்கு மீதி என்ன என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டேன்.

"வெள்ளிக்கெழம காலையில பாத்தா தண்ணி கொறையவேயில்ல. மேல தட்டு மூடியிருக்குது. பொண்ணக் கேட்டா, நான்தான் மூடுனேன், மூடி வெச்சா காத்து குடிக்காதுன்னு சாரு சொன்னாருன்றா. அப்போ இத்தினி நாளு குடிச்சது யாருன்னு அவங்கம்மா கேக்குது. காத்துதான் குடிச்சிதும்மா, தம்பி இல்லன்னு சொல்லிட்டா. மூணு நாளா அவங்கம்மா அந்தக் கிண்ணத்தண்ட உக்காந்துக்கினு எழுந்திரிக்க மாட்டேங்குது சாரு. ஒரு வாய் கூழு எறங்கல. காத்து குடிக்கறத இந்தப் பொண்ணு எப்டிப் பாத்துச்சி, இவளயும் புடிச்சிருக்குமோன்னு ஊர்ல பேசிக்கறாங்க. இதுக்கு மேல படிப்பு வேணாம்."

அவர் போன பிறகு தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். மலையில் பதினைந்து வருடம் இருந்தவர். ஒரு பெண் குழந்தையை நான்காம் வகுப்பு வரை கொண்டுவர என்ன பாடு என்று அவருக்குத்தான் தெரியும். அந்த வருடம் நான்காம் வகுப்பில் இருந்த ஒரே பெண் பச்சையம்மாள்.

"பாய், அங்க போய் அறிவியல் பேசாதீங்க" என்றார். "சோதனையில தப்பு நடந்துடுச்சு, குடிச்சது உங்க புள்ளதான், தட்டு மூடியிருந்ததால அன்னைக்கு அதால குடிக்க முடியலன்னு சொல்லிடுங்க. அந்தம்மா எழுந்து கூழ் குடிக்கும். பொண்ணு நாளைக்கே ஸ்கூலுக்கு வரும். உங்க பாடத்தை விட அது முக்கியம்."

நீங்கள் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது. நானும் நினைக்கவில்லை. அன்று மாலை அந்த ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போது அவர் சொன்னதையே சொல்லிவிடலாம் என்று பாதி வழி வரை நினைத்துக்கொண்டுதான் போனேன். மீதி வழியில் பச்சையம்மாளின் முகம் குறுக்கே வந்தது. நான் பொய் சொன்னால் அம்மாவுக்குத் தெம்பு வரும். ஆனால் மூன்று நாள் ஒழுங்காக அளந்து கொண்டுவந்த பிள்ளை அங்கேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் கண்ணால் பார்த்தது தப்பு என்று ஆகிவிடும். எதைச் சொல்வது என்று முடிவு செய்யாமலே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலுக்கு எதிரே பாறையில் புளி பரப்பியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனேன். மூலையில் விளக்கு, பக்கத்தில் அலுமினியக் கிண்ணம். பையன் எங்கேயோ போட்டு அடித்ததில் அதன் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மேலே தட்டு மூடியிருந்தது. தட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு பச்சையம்மாளின் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லி நானும் தரையில் உட்கார்ந்தேன். சாமிக்கண்ணு கதவருகே நின்றார். பச்சையம்மாள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

அந்த அம்மா நேராகக் கேட்டாள்.

"மூடி வெச்சா கொறையல சாரு. தொறந்து வெச்சா கொறையுது. ஆனா அத எம்புள்ள குடிக்கலியாம், காத்து குடிக்குதாம். நீங்க சொன்னீங்களாமே."

"சொன்னேம்மா."

"மூடுனா எம்புள்ள எப்டிக் குடிக்கும்? தொறந்தா காத்து வந்து குடிச்சிட்டுப் போயிடுது. நீங்க படிச்சவரு. நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

எத்தனையோ கல்வி அதிகாரிகள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. என் சோதனையை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் அவள்தான். திறந்ததும் மூடியதும் இரண்டுமே அவளுக்கு அடைபட்டுப் போயிருந்தன, அடைத்தது நான்.

"நான் சொன்னது அந்தக் காத்து இல்லம்மா. வெளிய வீசுதே, மரத்த ஆட்டுதே, அந்தக் காத்து."

"அதுவும் இதுவும் வேற வேறன்னு உங்களுக்கு எப்டி சாரு தெரியும்?"

சொல்லை வைத்துக்கொண்டு அவளிடம் ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. வாசல் வழியாக வெளியே பார்த்தேன். புளி கண்ணில் பட்டது.

"வெளிய புளி போட்டிருக்கீங்களே, அது இன்னா ஆவுது?"

"காயுது."

"அதுல இருந்த ஈரம் எங்க போவுது?"

"இன்னா சாரு இப்டிக் கேக்கறீங்க. காஞ்சி போவுது."

"காத்து வந்து குடிக்குதுன்னு சொல்வீங்களா?"

"புளியப் போயி எந்தக் காத்து குடிக்கும்" என்றாள். நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்தேன்.

கதவுப் பக்கமிருந்து சின்னக் குரல் வந்தது. "நான் காஞ்சிடுச்சின்னுதான் சார் சொன்னேன். அன்னிக்கி தட்டுல."

உண்மைதான். அவள் சரியான சொல்லைச் சொல்லியிருந்தாள். மலையில் எல்லோருக்கும் தெரிந்த சொல், புளிக்கும் துணிக்கும் தானியத்துக்கும் தினம் சொல்கிற சொல். அதை நான்தான் எல்லோர் முன்னாலும் பிடுங்கி எறிந்துவிட்டு, என் சொல்லை அவள் வாயில் திணித்து வீட்டுக்கு அனுப்பினேன்.

"ஆமா பச்சையம்மா. நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாத் திருத்திட்டேன்" என்றேன். அவள் அப்பா அம்மா முன்னால் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அதைச் சொல்லும்போது காது சூடானது.

பிறகு அம்மாவிடம் திரும்பினேன். "கிண்ணத்துலயும் அதேதாம்மா. தண்ணி காயுது. மூடி வெச்சா காயாது. எந்தக் காத்தும் குடிக்கல. யாரும் குடிக்கல."

கடைசி இரண்டு சொல் தேவையே இல்லை. வேகத்தில் வந்துவிட்டது. கெட்ட காற்றை விரட்டுகிற அவசரத்தில் அவள் பிள்ளையையும் சேர்த்து விரட்டிவிட்டேன்.

அவள் தட்டின்மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ எம்புள்ள ஒரு நாளுகூட வர்லியா?"

வந்தான் அம்மா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. தலைமையாசிரியர் கொடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. சொன்னால் அவள் நம்பியிருப்பாள். வரவில்லை என்று சொல்லவும் எனக்கு எந்த உரிமையும் இல்லை. துடைப்பக் குச்சியில் இரண்டு கேழ்வரகு உயரம் அளந்தவனுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது எதுவரை, தெரியாதது எங்கே தொடங்குகிறது என்று யோசித்தேன். அதை மட்டும் சொல்லலாம் என்று தோன்றியது.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "தண்ணி காயறது தெரியும். அவ்ளோதான் எங்க புஸ்தகத்துல இருக்குது. புள்ள வந்துச்சா வர்லியான்றத தண்ணிய அளந்து சொல்ல முடியாது. கொறஞ்சாலும் தெரியாது, கொறையலன்னாலும் தெரியாது."

நான் எழுந்து வந்திருக்கலாம். ஏனோ அப்பா நினைவு வந்தது. அதுவரை மலையில் யாரிடமும் அவரைப் பற்றிப் பேசியதில்லை.

"எங்கப்பா தவறி நாலு வருசம் ஆவுது. ஊருக்குப் போறப்பல்லாம் அவர அடக்கம் பண்ண எடத்துக்குப் போயி ஒரு சொம்பு தண்ணி ஊத்துவேன். எங்க ஊரு வெயிலு உங்களுக்குத் தெரியும். துவா ஓதிட்டு நிமுந்து பாக்கறதுக்குள்ள மண்ணு காஞ்சிடும். அது காயறது ஏன்னு நான் பசங்களுக்குப் பாடம் எடுக்கறேன். ஆனா அவருக்குப் போய்ச் சேந்துச்சான்னு நான் ஒரு நாளும் குச்சி வெச்சிப் பாத்ததில்ல. ஊத்தறது என் வேல. ஊத்திட்டு வந்துடுவேன்."

"நீங்களும் ஊத்துவீங்களா?" என்று கேட்டாள்.

"ஊத்துவேம்மா."

அவள் தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். மூன்று நாள் பழைய தண்ணீரைக் கொண்டுபோய் அவரைக் கொடிக்கு ஊற்றச் சொல்லி மகளிடம் கொடுத்தாள். பச்சையம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் வெளியே போனாள். மகள் கழுவி வந்த கிண்ணத்தில் அம்மா பானையிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடவில்லை. சாமிக்கண்ணு ஒரு கிண்ணத்தில் கூழ் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் இருக்கும்வரை அவள் அதைத் தொடவில்லை. நான் வாசலைத் தாண்டிய பிறகு எடுத்துக் குடித்தாள் என்று அவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து சொன்னார்.

"பச்சையம்மாவ அனுப்புங்க" என்று கேட்டேன்.

"பாக்கலாம் சாரு" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னபடி சொல்லியிருந்தா நாளைக்கே வந்திருக்கும்" என்றார். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் பயமாக இருந்தது. செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. வாரம் முழுக்க அந்தத் துணிப்பை அவர் மேசையிலேயே இருந்தது. பெயரை அடிக்கவா என்று வெள்ளிக்கிழமை கேட்டார். திங்கட்கிழமை வரை விடுங்கள் என்றேன். அந்தச் சனி ஞாயிறு நான் ஊருக்குப் போகவில்லை. போயிருந்தாலும் சோறு இறங்கியிருக்காது.

கதையை முடிக்கும் முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, அந்தப் பாடத்தைக் 'காய்தல்' என்றுதான் தொடங்கினேன். குழந்தைகள் வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதையே பலகையில் எழுதுவேன். இரண்டு நாள் கழித்துத்தான் 'ஆவியாதல்' வரும், அதற்குள் பேய் வருவதற்கு இடமிருக்காது. பிள்ளைகள் தங்கள் சொல்லில் பதில் சொன்னால் சட்டென்று திருத்தாதீர்கள். பாதி நேரம் நம் சொல்லைவிட அது சரியாக இருக்கும். இன்னொன்று, பாடம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. நாம் நாலு மணிக்கு மணி அடித்துவிட்டுப் போய்விடுவோம். பிள்ளை அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும், அங்கே யார் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. இதற்கெல்லாம் என்ன வழி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், அது ஒன்றைத்தான் நான் அந்த வீட்டில் கற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை மணி அடித்துப் பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு, பச்சையம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு துடைப்பக் குச்சி.

"வீட்டுப்பாடம் சார்" என்று நீட்டினாள்.

ஒரு குச்சியில் நான்கு கோடு இருந்தது, அதோடு சரி. மற்றதில் வரிசையாக ஐந்து கோடு. கடைசிக் கோடு மட்டும் உயரத்தில் இருந்தது. மூடி வைத்த நாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

நான்கு கோடு போட்ட குச்சியைக் காட்டி, "இது எது?" என்றேன்.

"அது தம்பி கிண்ணம் சார். அதோட வுட்டுட்டேன். இது வேற கிண்ணம்."

"வேற கிண்ணம் ஏது உங்க வூட்ல?"

"அம்மா கூழு குடிக்கறது."

"அப்போ அம்மா எதுல குடிக்கறாங்க?"

"நான் குடிச்சிட்டுக் குடுத்தா அதுல குடிக்கறாங்க."

ஊற்றில் காத்துக் கிடந்து, மேட்டில் சுமந்து வந்த தண்ணீர். ஐந்து நாள் அதில் ஒரு கிண்ணம் எனக்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

அவள் வழக்கம்போல உடனே பதில் சொன்னாள். "அந்தக் கிண்ணத்த அளக்காத, அது தம்பிக்கி. இது பாய் வாத்தியாருக்கு, இதுல எவ்ளோ வேணா அளந்துக்கோ, அப்டின்னாங்க சார்."

தலைமையாசிரியர் எழுந்து வந்து, மேசைமேல் இருந்த துணிப்பையை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் சிலேட்டை வெளியே எடுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.